ஒரு வங்கி விழுந்தால் யார் யார் மேல் விழும்?

வாசகர் கேள்வி – பதில்

(வங்கியின் பணத்தை நிர்வகிக்கும் ட்ரெஷரி பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ரிசர்வ் வங்கி வெளியிடும் பெரிய வங்கிகளின் பட்டியல் பற்றி இரண்டு இதழ்களுக்கு முன்னால் நாலு வரி எழுதியிருந்தேன். அதைத் தொட்டு வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த முறை பதில்.)

2020 மார்ச்சில் ஒருநாள் காலை என் கடையில் போன்பே வேலை செய்யவில்லை. கணக்கு வைத்திருந்ததோ ஓர் அரசு வங்கியில். யெஸ் பேங்க்கில் ஏதோ பிரச்சினை, அதனால்தான் என்றார்கள். எனக்கும் யெஸ் பேங்க்குக்கும் என்ன சம்பந்தம்?
*– மளிகைக் கடைக்காரர், திருநெல்வேலி*

சம்பந்தம் இருந்தது. உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

போன்பே ஒரு வங்கி இல்லை. யூபிஐ என்ற பாதைக்குள் நுழைய அதற்கு ஒரு வங்கியின் கதவு வேண்டும். அப்போது அந்தக் கதவு யெஸ் பேங்க். உங்கள் போன்பே முகவரியின் கடைசியில் 'ஒய்.பி.எல்' என்று மூன்று எழுத்து இருந்திருக்கும், பாருங்கள். அது அந்த வங்கியைக் குறிப்பதுதான். மார்ச் 5-ம் தேதி மாலை யெஸ் பேங்க்கை மாரட்டோரியத்தில், அதாவது தற்காலிகத் தடையில், வைத்தார்கள். கணக்கு வைத்திருப்பவர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். கதவு சாத்தியாயிற்று. அந்த வழியாகப் போய்வந்துகொண்டிருந்த எல்லோரும் வெளியே நின்றார்கள், உங்கள் அரசு வங்கிக் கணக்கு உட்பட. மறுநாள் மாலைக்குள் வேறொரு வங்கி வழியாக மாற்றிவிட்டார்கள். ஒரு நாளோடு போயிற்று.

இதில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிற விஷயம் ஒன்று உண்டு. 'விழுந்தால் நாட்டையே ஆட்டும் வங்கிகள்' என்று ரிசர்வ் வங்கி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் யெஸ் பேங்க்கின் பெயர் இல்லை. ஆனால் அன்று காலை திருநெல்வேலியில் ஒரு மளிகைக் கடையின் வியாபாரம் நின்றது.

நான் லட்சுமி விலாஸ் வங்கியில் டெபாசிட்டும் பங்குகளும் வைத்திருந்தேன். டெபாசிட் முழுதாக வந்தது, பங்கு பூஜ்யமானது. இப்போது என் மகன், ரிசர்வ் வங்கியின் பட்டியலில் இருக்கும் மூன்று வங்கிகளில் மட்டும் பணம் போடு என்கிறான். அதுதான் சரியா?
*– ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கரூர்*

ஐயா, முதலில் உங்கள் இழப்புக்கு என் வருத்தம். கரூரிலேயே 1926-ல் பிறந்த வங்கி அது. அந்தப் பங்கை முதலீடாக மட்டும் யாரும் அங்கே வைத்திருக்கவில்லை, குடும்பச் சொத்தாக வைத்திருந்தார்கள். 2020 நவம்பர் 17-ல் மாரட்டோரியம், 25,000 ரூபாய் வரம்பு, 27-ம் தேதி டிபிஎஸ் வங்கியோடு இணைப்பு. பத்தே நாளில் எல்லாம் முடிந்துபோயிற்று.

உங்கள் மகன் சொல்வதில் ஒரு குழப்பம் இருக்கிறது. பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஸ்டேட் வங்கி, எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ என்ற அந்த மூன்று பெயர்களும் 'பத்திரமான வங்கிகள்' என்ற சான்றிதழ் இல்லை. 'இவை விழுந்தால் மற்றவர்களுக்கு அடி பலமாக விழும், ஆகவே கூடுதலாக மூலதனம் (வங்கியின் சொந்தப் பணம்) வைத்திருக்கட்டும்' என்பதே அதன் பொருள். ஒரு வங்கி விழ எவ்வளவு வாய்ப்பு என்பது ஒரு கேள்வி. விழுந்தால் எத்தனை பேர் மேல் விழும் என்பது வேறு கேள்வி. அந்தப் பட்டியல் இரண்டாவது கேள்விக்கான பதில்.

கூடுதல் மூலதனத்தால் அந்த மூன்றும் கொஞ்சம் கெட்டியாவது உண்மைதான். ஆனால் உங்கள் டெபாசிட்டுக்கு நேரடியாகத் துணை நிற்பது காப்பீடு. ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை. 2020 பிப்ரவரி 4 வரைக்கும் அது 1 லட்சமாக இருந்தது. அந்த வரம்பை மனதில் வைத்து இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்துப் போடுங்கள். பங்கு விஷயம் வேறு. வங்கி விழும்போது முதலில் கரைய வேண்டியது பங்குதாரர் பணம் என்பதுதான் ஏற்பாடு.

எம்.காம். இரண்டாம் ஆண்டு மாணவி. சிஸ்டமிக் ரிஸ்க்கை (ஒரு நிறுவனம் விழுந்தால் மொத்த நிதி அமைப்பும் ஆடும் ஆபத்தை) அளப்பது எப்படி என்று ப்ராஜெக்ட் செய்கிறேன். ஒவ்வொரு கட்டுரையும் ஒவ்வொரு சூத்திரம் சொல்கிறது. எது சரி? நீங்கள் வேலையில் இருந்தபோது எதைப் பார்த்தீர்கள்?
*– கல்லூரி மாணவி, சென்னை*

உன் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன் அம்மா.

மும்பையில் எங்கள் ட்ரெஷரியில் ஒரு பதிவேடு இருந்தது. பச்சை அட்டை போட்ட நீள நோட்டு, முதுகில் துணி ஒட்டியது. நாங்கள் 'கால் மணி' (call money) சந்தையில், அதாவது ஒரு ராத்திரிக் கடனாக, பணம் கொடுக்கும் ஒவ்வொரு வங்கிக்கும் அதில் ஒரு பக்கம். மேலே மையில் லிமிட் எழுதியிருக்கும். அன்றன்று நிலுவையைப் பென்சிலில் எழுதி, பணம் திரும்பியதும் அழிப்போம். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்த நோட்டு கொஞ்ச காலம் இருந்தது. அழித்து அழித்துச் சில பக்கங்கள் பஞ்சு மாதிரி ஆகியிருந்தன.

2001 மார்ச்சில் அகமதாபாத்தின் மாதவ்புரா மெர்க்கன்டைல் கூட்டுறவு வங்கி நொறுங்கியது. பங்குச் சந்தைத் தரகர் கேதன் பாரேக் தரப்புக்கு அள்ளிக் கொடுத்த பணம் திரும்பவில்லை. செய்தி வந்த மாலை எங்கள் தலைமை மேலாளர், தஞ்சாவூர்க்காரர், என் மேசைக்கு வந்து நின்றார். "நம்ம பணம் எவ்வளவுப்பா அங்கே?" நோட்டைப் புரட்டினேன். "ஒன்றும் இல்லை சார்." எல்லோருக்கும் மூச்சு வந்தது. அவர் மட்டும் நகரவில்லை. "சரி. நம்மகிட்ட வாங்கினவங்கள்ல யாரோட பணம் அங்கே இருக்கு?"

நோட்டில் அதற்குப் பக்கம் இல்லை. எந்த வங்கியின் நோட்டிலும் இருந்திருக்காது. குஜராத்தின் பல சின்னக் கூட்டுறவு வங்கிகள் தங்கள் உபரிப் பணத்தை மாதவ்புராவில்தான் போட்டு வைத்திருந்தன என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒன்று விழுந்ததும் அவை வரிசையாக மூச்சுத் திணறின.

நீ படிக்கும் ஒவ்வொரு சூத்திரமும் அவர் கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முயற்சிதான். அப்படி வைத்துக்கொண்டு பார், குழப்பம் பாதி குறையும்.

கணக்கேட்டை வைத்து அளப்பது ஒரு வழி. உலக அளவில், வங்கிக் கண்காணிப்பாளர்களின் சர்வதேச அமைப்பான பாசெல் குழு ஐந்து விஷயங்களுக்குத் தலா 20 சதவீதம் மதிப்பெண் தருகிறது. அளவு, மற்ற நிதி நிறுவனங்களோடு பிணைப்பு, அந்த வங்கி செய்யும் வேலையை வேறொருவர் உடனே செய்ய முடியுமா என்பது, சிக்கல், எல்லை தாண்டிய வியாபாரம். நம் ரிசர்வ் வங்கி 2014-ல் தன் முறையை அறிவித்தபோது அளவுக்கு மட்டும் 40 சதவீதம் வைத்து, பிணைப்பு, மாற்று, சிக்கல் மூன்றுக்கும் தலா 20 கொடுத்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் 2 சதவீதத்துக்குக் குறைவான அளவுள்ள வங்கி இந்தப் பரீட்சைக்கே வருவதில்லை. மதிப்பெண்ணுக்கு ஏற்ப அடுக்கு, அடுக்குக்கு ஏற்பக் கூடுதல் மூலதனம். 2023 டிசம்பர் பட்டியல்படி ஸ்டேட் வங்கிக்கு 0.80 சதவீதம், எச்டிஎஃப்சிக்கு 0.40, ஐசிஐசிஐக்கு 0.20.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. அளவுக்கு 40 சதவீதம் என்பது அதிகம். மாதவ்புரா பெரிய வங்கி இல்லை. மேலே திருநெல்வேலிக்காரர் கடையை நிறுத்திய வங்கி பட்டியலில் இல்லை. வேறொருவர் உடனே செய்ய முடியுமா என்ற கேள்விக்கு இன்னும் கனம் தர வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சந்தை விலையை வைத்து அளப்பது இரண்டாவது வழி. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எங்கிளும் அவரோடு வேலை செய்தவர்களும் உருவாக்கிய எஸ்-ரிஸ்க் இந்த வகை. பின்னாளில் ரிசர்வ் வங்கியின் துணை கவர்னராக இருந்த விரல் ஆச்சார்யாவுக்கும் இந்த ஆராய்ச்சியில் பெரிய பங்கு உண்டு. அது கேட்பது இவ்வளவுதான்: ஆறு மாதத்தில் பங்குச் சந்தை 40 சதவீதம் விழுந்தால், இந்த வங்கிக்கு எவ்வளவு மூலதனம் பற்றாமல் போகும்?

கையால் போட்டுப் பார். ஒரு வங்கி திருப்பித் தர வேண்டிய கடன்கள் (டெபாசிட் உட்பட) 900 கோடி, பங்குகளின் சந்தை மதிப்பு 100 கோடி. சந்தை அப்படி விழும்போது இதன் பங்கு பாதியாகும் என்று பழைய விலைகள் காட்டுகின்றன என்று வை. மிச்சம் 50 கோடி, மொத்தம் 950. அதில் 8 சதவீதம் சொந்தப் பணமாக இருக்க வேண்டும் என்றால் 76 கோடி வேண்டும். இருப்பது 50. குறைவு 26 கோடி, அதுதான் எஸ்-ரிஸ்க். இப்போது அதே அளவு இன்னொரு வங்கி. அதன் பங்கு 20 சதவீதம்தான் விழும். மிச்சம் 80, மொத்தம் 980, தேவை 78 கோடியே 40 லட்சம். குறைவே இல்லை, 1 கோடியே 60 லட்சம் மேலேயே இருக்கிறது. அளவு ஒன்றுதான், கடனும் ஒன்றுதான். ஊரோடு சேர்ந்து எவ்வளவு விழுகிறது என்பதில்தான் வித்தியாசம். இந்தக் கணக்கை நான் முதலில் போட்டுப் பார்த்த அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை. எங்கள் பதிவேட்டில் இந்த இரண்டு வங்கிகளுக்கும் ஒரே லிமிட் போட்டிருப்போம்.

அட்ரியன், பிரன்னர்மையர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் கொண்டுவந்த கோ-வார் என்பது இதைத் திருப்பிப் போட்டது. இந்த வங்கி தள்ளாடினால் மொத்த அமைப்பும் எவ்வளவு தள்ளாடும் என்று கேட்கிறது.

இந்த வழியின் குறைகளையும் ப்ராஜெக்டில் எழுது. பங்குச் சந்தையில் இல்லாத கூட்டுறவு வங்கிக்கு விலையே கிடையாது. நம் அரசு வங்கிகளின் பங்கு விலை மலிவாக இருப்பதால் எஸ்-ரிஸ்க் அவற்றைப் பயங்கரமாகக் காட்டும். ஆனால் பின்னால் அரசு இருக்கிறது என்று நம்பி மக்கள் நெருக்கடியில் அங்கேதான் பணத்தைக் கொண்டு போகிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான குறை, சந்தை அமைதியாக இருக்கும் நாட்களில் இந்த அளவுகோலும் அமைதியாகவே இருக்கும். கடன் குவிவதோ அந்த அமைதியான நாட்களில்தான்.

மூன்றாவது வழி வரைபடம். என் மனசுக்குப் பிடித்தது இதுதான். ரிசர்வ் வங்கியின் நிதி நிலைத்தன்மை அறிக்கை 2010 முதல் வருகிறது, ஆண்டுக்கு இரண்டு. அதில் வங்கிகளுக்கிடையேயான கடன்களை ஒரு படமாகப் போடுகிறார்கள். ஒவ்வொரு வங்கியும் ஒரு புள்ளி. கொடுத்தவர் ஒரு நிறம், வாங்கியவர் ஒரு நிறம், நடுவில் பிணைப்பு அதிகமுள்ளவர்கள், ஓரத்தில் மற்றவர்கள். பிறகு ஒரு புள்ளியை அழித்துவிட்டு, அதனால் யாருக்கு எவ்வளவு நஷ்டம், அந்த நஷ்டத்தால் அடுத்து யார் விழுவார் என்று சுற்றுச் சுற்றாகக் கணக்குப் போடுகிறார்கள். எங்கள் தலைமை மேலாளர் கேட்ட பக்கம் இதுதான். முதல் தடவை அந்தப் படத்தைப் பார்த்தபோது அவருக்குப் போன் செய்து சொன்னேன்.

படத்தில் புள்ளிகளுக்குப் பெயர் இருக்காது. அதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது, பெயர் போட்டால் மறுநாளே வாசலில் கூட்டம் கூடும். ஆனால் ஆராய்ச்சியாளர்களுக்காவது, பெயரை மறைத்தேனும், அடிப்படைத் தரவை இன்னும் திறந்து கொடுக்கலாம். உன் போன்ற மாணவிகள் வெளிநாட்டு வங்கிகளின் பங்கு விலையை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எது சரி என்று கேட்டாய். மூன்றையும் ஒரே வங்கிக்குப் போட்டுப் பார். மூன்றும் ஒத்துப்போகாத இடம் ஒன்று கிடைக்கும். அதைப் பற்றி எழுது.

அமெரிக்காவில் 2023-ல் சிலிக்கான் வேலி பேங்க் மூழ்கியது. அங்கே இல்லாத அளவுகோலா? ஏன் முன்கூட்டியே தெரியவில்லை?
*– ஏற்றுமதித் தொழில், திருப்பூர்*

அளவுகோல் இருந்தது, எல்லைக் கோட்டைத் தூக்கி மேலே வைத்துவிட்டார்கள். கடுமையான கண்காணிப்புக்கான எல்லை முன்பு 50 பில்லியன் டாலர் சொத்து. 2018-ல் அதை 250 பில்லியனாக உயர்த்தினார்கள். சிலிக்கான் வேலி பேங்க்கின் சொத்து சுமார் 209 பில்லியன். கோட்டுக்குக் கீழே நின்றது.

பணம் நீண்டகால அரசுப் பத்திரங்களிலும் வீட்டுக்கடன் பத்திரங்களிலும் இருந்தது. வட்டி ஏற ஏறப் பத்திரங்களின் விலை இறங்கியது. டெபாசிட் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே தொழில்காரர்கள், ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், காப்பீட்டு வரம்புக்கு மேல் வைத்திருந்தவர்கள். மார்ச் 9-ம் தேதி ஒரே நாளில் 42 பில்லியன் டாலர் கேட்டு வந்தார்கள். போனிலேயே. மறுநாள் வங்கியை மூடினார்கள்.

அப்புறம் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. மார்ச் 12-ம் தேதி, எல்லா டெபாசிட்டும் முழுதாகத் தரப்படும் என்று அறிவிக்க அவர்கள் பயன்படுத்திய சட்டப் பிரிவின் பெயரே 'சிஸ்டமிக் ரிஸ்க் விதிவிலக்கு'. உயிரோடு இருந்தவரை அமைப்பை ஆட்டாத வங்கி என்று கணக்கு, விழுந்த மூன்றாம் நாள் ஆட்டும் வங்கி என்று கணக்கு. டெபாசிட்தாரர்கள் எவ்வளவு ஒரே மாதிரியானவர்கள் என்பதை அளக்கும் வரி கண்காணிப்புப் படிவங்களில் போதுமான இடம் பெறவில்லை. நம் ஊரிலும் இதைக் கேட்க வேண்டும். உங்கள் திருப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளையின் டெபாசிட்டில் எத்தனை பங்கு பனியன் தொழில்காரர்களுடையது?

வங்கியே இல்லாத நிறுவனங்களால் இந்த ஆபத்து வருமா? 2018-ல் என் கடன் ஃபண்டு திடீரென்று அடி வாங்கியது.
*– இல்லத்தரசி, மதுரை*

வரும். நீங்கள் பட்டது ஐஎல் அண்ட் எஃப்எஸ்ஸின் அடியாக இருக்கலாம். சாலை, மின்சாரம் போன்ற திட்டங்களுக்குப் பணம் திரட்டிக் கொடுத்த, சுமார் 91,000 கோடி கடன் வைத்திருந்த குழுமம். முதல்தர ரேட்டிங் வைத்திருந்தது. 2018 செப்டம்பரில் தவணை தவறியது. அதே மாதம் 21-ம் தேதி ஒரு மியூச்சுவல் ஃபண்டு, டிஎச்எஃப்எல் என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தின் பத்திரத்தைக் கூடுதல் வட்டிக்கு, அதாவது விலை குறைத்து விற்றது. அன்று ஒரே நாளில் டிஎச்எஃப்எல் பங்கு 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஐஎல் அண்ட் எஃப்எஸ் தவறினால் டிஎச்எஃப்எல் ஏன் விழ வேண்டும்? இரண்டு பேரும் குறுகிய காலக் கடன் வாங்கியது ஒரே வாசலில், ஃபண்டுகளிடம். ஃபண்டுகளுக்குப் பணம் கொடுத்தது உங்களைப் போன்றவர்களும் கம்பெனிகளும். இன்றைக்கும் ரிசர்வ் வங்கியின் அறிக்கையைப் புரட்டினால், அமைப்புக்குள் அதிகம் பணம் கொடுப்பவர் மியூச்சுவல் ஃபண்டுகள், அதிகம் வாங்குபவர் வங்கி சாராத நிதி நிறுவனங்கள் என்றே இருக்கும். வங்கிகளை மட்டும் அளந்துவிட்டு நிறுத்தினால் பாதிப் படம்தான் கிடைக்கும்.

எங்கள் கொள்ளுத்தாத்தா ஆர்பத்நாட் கம்பெனியில் போட்ட பணத்தை இழந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். டெபாசிட் ரசீது ஒன்று இன்னும் பெட்டியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் இதை முன்னாலேயே தெரிந்துகொள்ள வழி இருந்ததா?
*– வாசகி, மயிலாப்பூர்*

அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

சென்னையின் பெரிய ஆங்கிலேய வணிக நிறுவனங்கள் என்றால் பாரி, பின்னி, ஆர்பத்நாட் என்றுதான் அன்று சொல்வார்கள். அதில் ஒன்று 1906 அக்டோபர் 22, திங்கள்கிழமை கதவைச் சாத்தியது. அதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை, லண்டனில் பேட்ரிக் மக்ஃபேடியன் என்பவர் தற்கொலை செய்துகொண்டார். அவர் ஆர்பத்நாட்டின் கூட்டாளிகளில் ஒருவர். லண்டனில் அவர் பெயரில் நடந்த கம்பெனியும் சென்னை கம்பெனியும் ஒன்றின் பணத்தை ஒன்று நம்பி ஓடிக்கொண்டிருந்தன. அங்கே ஒரு சுவர் சரிந்தது, இங்கே கூரை விழுந்தது. சென்னை கம்பெனியை நடத்திய சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் பிறகு பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று, மறு ஆண்டே இந்தியன் வங்கி பிறந்தது.

உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு ஆர்பத்நாட்டின் பெயர் தெரியும், கட்டடம் தெரியும். மக்ஃபேடியன் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கவே வழியில்லை. அன்றைக்கு இரண்டு கம்பெனிகளின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை. ரிசர்வ் வங்கி வந்ததே 1935-ல்தான். ஆகவே இல்லை அம்மா, அவர் தெரிந்துகொண்டிருக்க முடியாது. அவருடைய அசட்டுத்தனம் என்று வீட்டில் யாராவது சொல்லியிருந்தால், அது நியாயமில்லை என்று இப்போதாவது சொல்லிவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். அந்த ரசீதை லேமினேஷன் செய்துவிடாதீர்கள், தாள் கெட்டுவிடும். இரண்டு பக்கமும் படம் எடுத்து இதழின் முகவரிக்கு அனுப்ப முடியுமா? அதில் என்ன வட்டி, என்ன தவணை என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்க்க எனக்கு மிகவும் ஆசை.